இன்னொரு வருஷம்

(ஊர்ப் பொது நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காமற்போன ஒரு பிள்ளை மறுபடியும் பிரவேசப் பரீட்சைக்கு உட்காருவதா, வேண்டாமா என்னும் கேள்வியைக் குறித்து ஒரு மணி நேரம் பேசவேண்டும் என்று நூலகத்தார் என்னைக் கேட்டபோது, முப்பத்துநான்கு வருஷ காலம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்ததைத் தவிர இவ்விஷயத்தில் எனக்கு வேறு யோக்கியதை கிடையாது என்பதை அப்பொழுதே அவர்களிடம் சொல்லிவிட்டேன். நான் வைத்தியன் அல்லன். வைத்தியராக வேண்டும் என்று புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியவர்களை நிறையப் பார்த்தவன்; அவ்வளவுதான். திரும்பியவர்களில் சிலர் மறுபடியும் புறப்பட்டார்கள், பலர் புறப்படவில்லை. அந்த இரு சாராருக்கும் இடையே இருந்த வித்தியாசம் புத்தியில் இருந்ததாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அது வேறு எங்கே இருந்தது என்பதைத்தான் இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மறுபடியும் எழுதுகிறவனை நாம் ‘ரிப்பீட்டர்’ என்று அழைக்கிறோம். கோச்சிங் சென்டர்காரர்களின் விளம்பரப் பலகையில் அது ‘லாங் டேர்ம்’ என்று சற்றுக் கௌரவமாக இருக்கும். தெருவிலோ அதற்கு இரண்டு பெயரும் இல்லை, “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டால், “வீட்லதான் இருக்கான்” என்று தாயார் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். ப்ளஸ் டூ பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கி, பள்ளிக்கூடத்து வாசலில் படம் மாட்டப்பட்ட பிள்ளை, பதினைந்தே நாளில் ‘வீட்டில் இருக்கிறவன்’ ஆகிவிடுகிறான். யாழ்ப்பாணத்தார் இதில் நம்மைவிடத் தேவலை. அங்கே உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம் என்பது விதி; ஒவ்வொரு தடவைக்கும் ‘ஷை’ என்று பெயர். முதல் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை என்று அவர்கள் எண்ணுகிறபோது, கல்லெறிந்து மாங்காய் விழாவிட்டால் இன்னொரு கல்லைக் குனிந்து எடுக்கிற பாவனைதான் தொனிக்கிறதே தவிர, குற்றம் செய்தவன் தண்டனையை எண்ணுகிற பாவனை தொனிப்பதில்லை.

பெயரை விடுவோம். இடம் கிடைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீட் என்னும் பிரவேசப் பரீட்சையில் 180 கேள்விகள்; சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று பிடித்தம்; மொத்தம் 720. இதில் ‘தகுதி’ பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பதை அறியாமலே முதல் நாள் லட்டு வாங்கி வந்துவிட்ட தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். 2024 ஆம் வருஷம் நாடு முழுவதும் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல், தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துச் சொச்சம். அவற்றிலும் சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய கட்டணத்தில் இருப்பவை ஏறக்குறையப் பாதி. ஆகவே பரீட்சைக்காரர்கள் செய்கிற காரியம் ஒரு பிள்ளைக்கு வைத்தியராகும் புத்தி உண்டா இல்லையா என்று தராசில் நிறுப்பதன்று. நாற்காலிகள் இத்தனை என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொண்டு, வரிசையில் எந்த இடத்தில் கயிற்றைக் கட்டுவது என்று பார்ப்பதுதான். கயிற்றுக்கு இப்புறம் நின்றவனுக்கும் அப்புறம் நின்றவனுக்கும் சில சமயம் ஒரு கேள்வியின் தூரம்கூட இருப்பதில்லை.

அந்தக் கயிறுதான் நிலையாக ஓரிடத்தில் நிற்கிறதா? 2024 இல் 720 க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர் என்று முதலில் அறிவித்தார்கள். கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேருக்கு அதை ரத்துசெய்து மறுபரீட்சைக்கு வாய்ப்பளித்து, ஒரு கேள்வியின் விடையையும் திருத்திய பிறகு, அந்த 67 என்பது 17 ஆயிற்று. முந்தின வருஷம் அரசுக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்த மதிப்பெண் அவ்வருஷம் ஒன்றுக்கும் உதவவில்லை. அடுத்து வந்த 2025 இல் பௌதிகக் கேள்விகள் பிள்ளைகளை உலுக்கி எடுத்ததில், முதலாவதாக வந்தவரே 686 தான் வாங்கினார். கயிறு சரசரவென்று கீழே இறங்கிற்று. மூன்று வருஷத்தில் மூன்று இடத்தில் கட்டப்பட்ட ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் யோக்கியதையை நிர்ணயம் செய்வது எவ்வளவு பெரிய அபத்தம் என்பதை யோசித்துப் பாருங்கள். இந்த அபத்தத்தைத் தாங்கமாட்டாமல் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளும் நம் நாட்டில் உண்டு. அவர்களுடைய பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு விருத்தாந்தமும் உண்டு. 2015 இல் அகில இந்திய வைத்தியப் பிரவேசப் பரீட்சையில் மோசடி நடந்தது என்று உச்சநீதிமன்றம் பரீட்சையையே ரத்து செய்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஜூலை மாதம் மறுபடியும் எழுதச் சொல்லிற்று. தவறு செய்தவர் சிலர். ‘ரிப்பீட்டர்’ ஆனவர்கள் அத்தனை பேரும். அவ்வருஷம் யாரும் யாரையும் வீட்டில் சும்மா இருப்பதாகச் சொல்லவில்லை.

இனி, நம் மாகாணத்துக் கதைக்கு வருகிறேன். மறுபடி எழுதுவது என்பது எக்காலத்திலும் சாத்தியமாக இருந்ததன்று. என் தமையனார் 1960 களில் பி.யு.சி. முடித்துவிட்டு வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். அந்தக் காலத்தில் நேர்முகப் பரீட்சை உண்டு. அதில் தகப்பனார் என்ன செய்கிறார் என்றும், ஊரில் டாக்டர் உண்டா என்றும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். இடம் இல்லை. மூன்று நிமிஷத்தில் முடிந்துபோன சம்பாஷணையைத் திருப்பி எழுதிப் பார்க்க முடியுமா? என்ன பிழை செய்தோம் என்பதே தெரியாத பரீட்சையை எதைப் படித்துக்கொண்டு மறுபடி எழுதுவது? அவர் கடைசிவரை வங்கிக் குமாஸ்தாவாகவே இருந்தார்; வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாடியை மட்டும் முதலில் தாமே பிடித்துப் பார்ப்பார். சில வருஷங்களுக்குப் பின்பு, பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றத்தார், மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 ஐ நேர்முகத்துக்கு என்று ஒதுக்கிவைத்தது பார்த்த மாத்திரத்திலேயே அதிகப்படி என்று சொன்னதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, தமையனார் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

1984 இல் பிரவேசப் பரீட்சை வந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, பிரவேசப் பரீட்சைக்கு 100 என்று கட் ஆஃப் 300 ஆயிற்று. கூடவே ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்று ஒன்றும் புழக்கத்துக்கு வந்தது. மதிப்பெண் போதவில்லை என்றால் மறு வருஷம் ப்ளஸ் டூ பாடங்களையே திருப்பி எழுதலாம். 2005 இல் அரசாங்கம் பிரவேசப் பரீட்சை, இம்ப்ரூவ்மென்ட் இரண்டையும் ஒழிக்க ஆணை பிறப்பித்தது. நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. பிறகு 2007 இல் வந்த சட்டத்தின்படி ப்ளஸ் டூ மதிப்பெண் மாத்திரமே அளவுகோல் ஆயிற்று. உயிரியலுக்கு 100, பௌதிகத்துக்கு 50, வேதியியலுக்கு 50. இருநூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு தரம் எழுதிய எழுத்து எழுதியதுதான். அந்தப் பத்து வருஷங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் அரை மதிப்பெண்ணில் இடத்தை விட்டுவிட்டு அழுததுண்டு; ஆனால் அழுது முடித்துவிட்டு வேறு படிப்பில் சேர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் திறந்து வைத்த கதவு வேறு ஒன்றும் இல்லை. அதில் ஒரு கொடுமை இருந்தது. ஒரு சமத்துவமும் இருந்தது என்பதை அப்பொழுது நான் உணரவில்லை: பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் இரண்டாம் தடவை கிடையாது.

நீட் பரீட்சை 2017 முதல் இங்கே முழுமையாக அமலுக்கு வந்தது; இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு இப்பொழுது அதில் இல்லை. முன்பு 25 வயது, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 வயது என்று இருந்த உச்ச வரம்பும் 2022 இல் எடுபட்டுப் போயிற்று. கேட்பதற்கு இது தயாள குணமாகத் தோன்றும். யார் வேண்டுமானாலும், எத்தனை தரம் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவை அகலத் திறந்து வைத்தது போல. ஆனால் நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 இல் கொடுத்த அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களில் பழைய மாணவர்கள், அதாவது முந்தின வருஷங்களில் பள்ளி முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தவர்கள், 2016-17 இல் நூற்றுக்கு 12.47, 2020-21 இல் 71.42. அந்த அறிக்கையின் மற்ற முடிவுகளைக் குறித்து வாதப் பிரதிவாதங்கள் எவ்வளவோ உண்டு. அவற்றுக்குள் நான் போகவில்லை. இந்த இரண்டு எண்களும் சொல்லுவது ஒரு சாதாரணமான கணக்கு. பத்தில் ஏழு இடம் இரண்டாம், மூன்றாம் தடவை எழுதியவர்களுக்குப் போகிறது என்றால், முதல் தடவை என்பது பெயரளவுக்கு ஒரு ஒத்திகை ஆகிவிட்டது. உண்மையான பரீட்சை மறு வருஷம்தான் தொடங்குகிறது. அந்த மறு வருஷம் இல்லாதவன் ஒத்திகையோடு வீட்டுக்குப் போகிறான்.

அந்த ‘மறு வருஷம்’ என்பதன் விலை என்ன?

2023 இல் ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண். நான் ஓய்வுபெற்ற பிறகும், எங்கள் தெருவிலேயே குடியிருந்ததனால், சாயங்காலங்களில் என்னிடம் வேதியியல் சந்தேகம் கேட்க வருவாள். தகப்பனார் விசைத்தறியில் தறி ஓட்டுகிறவர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். பெண் அவ்வருஷ நீட்டில் 531 வாங்கினாள். இடம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2020 இல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் அந்த மதிப்பெண்ணுக்குச் சந்தேகமில்லாமல் கிடைத்திருக்கும். அந்தச் சட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறவன்; அதற்கு முன்பு விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகள் போன கல்லூரிகளுக்கு, முதல் வருஷத்திலேயே முந்நூறு பேருக்கு மேல் போனார்கள். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் அதற்குள் வரவில்லை. அவள் படித்தது எங்கள் பள்ளியில். தெருவுக்குக் கிழக்கே ஒரு பள்ளி, மேற்கே ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது ஏழு வருஷம் கழித்து வந்து கணக்குக் கேட்கும் என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியும்?

முடிவு வந்த மூன்றாம் நாள் அவர் இரவு ஷிப்ட் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். தலையில் பஞ்சுத் தூசி. திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டே, “சார், இன்னொரு வருஷம்னா எவ்வளவுங்க ஆகும்?” என்று கேட்டார். நான் படித்தவன் என்ற மிதப்பில், விடுதியோடு கூடிய லாங் டேர்ம் கோச்சிங்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றும், விடுதி இல்லாமல் சேலத்துக்குப் போய்வந்தால் இவ்வளவு என்றும், வீட்டிலேயே படித்துக்கொண்டு மாதிரிப் பரீட்சை மட்டும் எழுதினால் இவ்வளவு என்றும் மூன்று தொகைகளைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அது இல்லைங்க சார், வருஷம் எவ்வளவுங்க ஆகும்?” என்று மறுபடியும் கேட்டார்.

அவர் கேட்டது வேறு கணக்கு என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இருவருமாக எழுதினோம். பெண் வேலைக்குப் போனால் மாதம் கொண்டுவரக்கூடிய சம்பளம் முதல் வரி. அவளுக்கு அடுத்த தம்பி பத்தாம் வகுப்பு. அவனுக்கு வரவேண்டிய முறை ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பது இரண்டாவது வரி. அதற்கு எதிரே எழுத எண் கிடைக்கவில்லை. மூன்றாவது வரியில் அவர் ‘முன்பணம்’ என்று எழுதச் சொன்னார். விசைத்தறிக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். தறி முதலாளியிடம் மொத்தமாக ஒரு தொகையை முன்பணமாக வாங்கிவிட்டால், அது தீர்கிறவரையில் அந்தத் தறியை விட்டு வேறு தறிக்குப் போக முடியாது. கூலி போதவில்லை என்று வாய் திறக்கவும் முடியாது. பெண் இன்னொரு தரம் எழுதுவதற்குத் தகப்பன் தன்னை ஒரு தறியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். கோச்சிங் கட்டணம் என்று நான் முதலில் சொன்ன தொகை அந்தக் காலண்டர் தாளில் கடைசி வரியாகத்தான் வந்தது.

இரண்டாம் தடவை எழுதுவது விடாமுயற்சி என்று மேடைகளில் சொல்லுகிறோம். விடாமுயற்சி என்னும் குணம் எல்லா வீட்டிலும் உண்டு. அரிசி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிற அளவுக்குத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணிடமும் உண்டு. அதைச் செலவழிக்க ஒரு வருஷம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிலம், நகை, வீடு போல வருஷமும் ஒரு சொத்து. அது சிலருக்குப் பிதிரார்ஜிதமாக வருகிறது. சிலர் கடன்வாங்கித் தேடவேண்டியிருக்கிறது. இந்தச் சொத்து உள்ளவர்கள் மட்டும் நுழையக்கூடிய ஒரு வாசலைக் கட்டிவிட்டு, அதன் மேல் ‘தகுதி’ என்று பலகை மாட்டியிருக்கிறோம் என்பதே என் அபிப்பிராயம்.

மற்ற தேசங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால், யாரும் நன்றாகச் சமாளித்துவிட்டதாகத் தெரியவில்லை. ஜெர்மனியில் வெகுகாலம் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது: வைத்தியப் படிப்பு இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு, காத்திருந்தவர்களுக்கு. மதிப்பெண் போதாதவன் வேறு வேலை செய்துகொண்டு காத்திருந்தால், அந்தக் காத்திருப்பையே ஒரு யோக்கியதையாக எடுத்துக்கொள்வார்கள். கருணையான யோசனைதான், ஆனால் வரிசை நீண்டு நீண்டு, கடைசியில் 14, 15 அரையாண்டுகள், அதாவது ஏழு வருஷமும் அதற்கு மேலும், காத்திருக்கும்படி ஆயிற்று. படிப்போ ஆறு வருஷம். படிக்கிற காலத்தைவிடக் காத்திருக்கிற காலம் அதிகம் என்ற நிலை நியாயமாகாது என்று அவர்களுடைய அரசியல்சாசன நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்ல, அந்த முறை ஒழிந்தது.

இலங்கையில் மூன்று ஷை என்று சொன்னேன். வரம்பு வைப்பதில் ஒரு நியாயம் உண்டு; மூன்றுக்குமேல் யாருக்கும் இல்லை என்பதால் புதிதாக வருகிறவன் ஓயாத கூட்டத்தோடு மோத வேண்டியதில்லை. ஆனால் அங்கே 1971 இல் நடந்தது வேறு: வைத்தியப் படிப்புக்குச் சிங்களத்தில் எழுதியவர்கள் 229 வாங்கினால் போதும், தமிழில் எழுதியவர்கள் 250 வாங்கவேண்டும் என்று கோட்டையே இரண்டாக இழுத்தார்கள். பிறகு வந்தது மாவட்ட ஒதுக்கீடு. இன்று நூற்றில் 40 இடம் தீவு முழுமைக்குமான தரவரிசையிலும், 55 மாவட்ட வாரியாகவும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டாம் ஷைக்கு டியூட்டறி வாசலில் சைக்கிளை நிறுத்துகிற பிள்ளை தன்னோடு மாத்திரம் போட்டி போடவில்லை. தான் எந்த மாவட்டத்தில் எழுதுகிறோம் என்பதோடும் போட்டி போடுகிறான். மாவட்ட வாரியாக இடம் பிரிக்கும் காரியத்தைச் சென்னை ராஜ்யமும் செய்து பார்த்ததுண்டு. 1968 இல் ராஜேந்திரன் வழக்கில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

ஜப்பானியர் மறுபடி எழுதுகிறவனை ‘ரோனின்’ என்கிறார்கள். எஜமானன் இல்லாமல் அலைகிற போர்வீரன் என்று பொருள். அழகான பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2018 இல் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கணக்கு வெளியே வந்தது. கட்டுரைத் தாளில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் ஐந்தில் நான்காகக் குறைத்துவிட்டு, முதல் தடவையும் இரண்டு வருஷ ரோனின் வரையிலும் உள்ள ஆண்பிள்ளைகளுக்கு 20, மூன்று வருஷ ரோனினுக்கு 10 என்று ரகசியமாகக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். அதற்குமேல் எழுதிய ஆண்களுக்கும், எத்தனையாவது தடவையானாலும் பெண்களுக்கும், ஒன்றும் இல்லை. பல தடவை எழுதுகிறவன் பின்னால் வைத்தியர் பரீட்சையிலும் தடுமாறுவான் என்று அவர்களாகவே தீர்மானித்துக்கொண்டார்களாம். அந்தப் பெண்கள் மறுபடியும் மறுபடியும் எழுதியபோது எதை எதிர்த்து எழுதினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும், கையில் எப்படியோ ஒரு வருஷம் கிடைத்திருக்கிற பிள்ளை இங்கே இருக்கலாம். அதற்கு வாத்தியாராகச் சில விஷயங்கள் சொல்லவேண்டும். முதலாவது, அந்த வருஷம் ஒரு வருஷம் இல்லை. பரீட்சை மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, முடிவு ஜூனில், அதன்பின் கவுன்சலிங் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று, மிச்ச இடங்கள் என்று புரட்டாசி ஐப்பசி வரையில் இழுக்கும். அதுவரையில் பிள்ளை புத்தகத்தைத் திறக்காது. தினமும் கைபேசியில் ரேங்க் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். மிஞ்சுவது ஏழு மாதம். கிடைக்காது என்று மனத்துக்குத் தெரிந்துவிட்ட அன்றே படிக்கத் தொடங்குகிறவன் மற்றவர்களைவிட மூன்று மாதம் மூத்தவன்.

இரண்டாவது, பழைய தாளைப் பிரேதப் பரிசோதனை செய்வது. அமெரிக்காவில் வைத்தியக் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிக்கிறவர்களைப் பல கல்லூரிகள், போன தடவைக்குப் பிறகு உன்னிடத்தில் என்ன மாறியிருக்கிறது என்று எழுதிக் கேட்கின்றன. அவர்களுடைய எம்காட் பரீட்சையை ஒரு வருஷத்தில் மூன்று தடவை, ஆயுளில் ஏழு தடவைக்கு மேல் எழுத முடியாது என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொன்ன பெண்ணின் தாளை எடுத்து, மதிப்பெண் போன கேள்விகளை மூன்று குவியலாகப் பிரித்தோம். தெரியாமல் விட்டவை ஒரு குவியல். குத்துமதிப்பாகக் குறித்தவை ஒரு குவியல். தெரிந்திருந்தும் போனவை 14. இந்த 14 தான் எங்களைத் திகைக்க வைத்தது. ‘தவறான கூற்று எது’ என்று கேட்டிருக்கும். இவள் முதலில் கண்ணில்பட்ட சரியான கூற்றைக் குறித்திருப்பாள். ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய நான்கு போய், கையிலிருந்த ஒன்றும் போய், ஐந்து, பதினான்குக்கு எழுபது. ஒரு வருஷம் முழுவதும் புதிய பாடம் ஒன்றும் படிக்காமல், கேள்வியை முழுவதும் வாசிக்கப் பழகியிருந்தாலே போதும். ஆனால் ரிப்பீட்டர் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றால், பிடித்த உயிரியல் புத்தகத்தை ஆறாவது தடவை அடிக்கோடிடுவார்கள். பயப்படுகிற பௌதிகத்தைத் தை மாதத்துக்கு ஒத்தி வைப்பார்கள்.

குத்துமதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளைக் குறித்தால், சராசரியில் ஒன்று சரியாகி மூன்று தவறாகும். நாலில் மூன்று போக ஒரு மதிப்பெண் மிஞ்சும். ஆகவே நஷ்டமில்லை என்று பையன்கள் கணக்குச் சொல்லுவார்கள். கணக்குச் சரிதான், கண்ணை உண்மையாகவே மூடிக்கொண்டால். அரைகுறையாகத் தெரிந்தவனோ கண்ணைத் திறந்துகொண்டு குறிக்கிறான். அவனைப் பிடிப்பதற்கென்றே ஒரு விடையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஆங்கில வாசகமும் இருக்கிறது; இரண்டையும் பாருங்கள். 2018 இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு நடந்து, கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கும்படி மதுரைக் கிளை நீதிமன்றம் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நான்கு மாதம் 196 மதிப்பெண் கைக்கு வந்ததும் போனதுமாக இருந்த அந்தப் பிள்ளைகளின் மனநிலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கவேண்டும். தகப்பனார் முன்பணம் வாங்கவில்லை, அவள் வாங்கவிடவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்து, அதோடு மறு வருஷப் பரீட்சையும் எழுதினாள். கேள்வியை முழுவதும் வாசித்ததில் 41 மதிப்பெண் ஏறி 572 வந்தது. 2024 அது, கயிறு அதைவிட உயரமாக ஏறியிருந்தது. 2025 இல் அவள் எழுதவில்லை. அவ்வருஷத்துக் கட் ஆஃப் பத்திரிகையில் வந்த அன்று, தகப்பனார் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “பாப்பா முதல்ல வாங்கினதே இப்போ போதுமாட்ட இருக்குதுங்களே சார்” என்றார். அது வேறு தாள், வேறு அளவுகோல், அன்றைய 531 ஐ இன்றைய கயிற்றோடு வைத்துப் பார்க்கக்கூடாது என்று நான் விளக்கினேன். சரியான விளக்கம்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, தாளை எடுத்துக்கொள்ள மறந்து போய்விட்டார்.

அவள் இப்பொழுது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். பன்னிரண்டு நாளைக்கு முன்பு என் வீட்டுக்கு வந்து, அந்தப் பழைய கேள்விகளைக் குவியல் பிரித்த நோட்டைத் திருப்பிக் கேட்டாள். எதற்கு என்றேன். டியூஷன் காசில் விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டதாகவும், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும், நானும் சொல்லக்கூடாது என்றும் சொன்னாள். இன்று அவருக்குப் பகல் ஷிப்ட் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே இந்த மேடையில் நான் இதைச் சொல்லுகிறேன். இந்தச் சொற்பொழிவை நூலகத்தார் அச்சிட்டு வெளியிடுவார்கள் என்று அவளிடம் எச்சரித்திருக்கிறேன்; அதற்குள் தானே சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.